வெள்ளிக்கிழமை வண்டி

எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது என்று என் கணவர் ராம்சங்கர் சொந்தபந்தம் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். இருபத்திரண்டு வருஷம் கேஸ் ஏஜென்சியின் புக்கிங் கவுண்டரில் உட்கார்ந்தவளுக்கு அது வேறு எங்கே உட்காரும்? "சிலிண்டர் எப்ப வரும் மேடம்" என்று ஒரே ஆள் ஒரே நாளில் நாலு தடவை கேட்பார். நாலு தடவையும் நாலு மாதிரி பதில் சொல்லிவிட்டு, சாயங்காலம் தலைவலியோடு வீட்டுக்கு வந்தால் வாசலில் குப்பை நாறிக்கொண்டிருக்கும்.

எங்கள் குடியிருப்பின் பெயர் புன்னைவனம் ரெசிடென்சி. சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் இருக்கிறது. முப்பத்தாறு வீடு, ஒரு லிஃப்ட். புன்னை மரம் ஒன்றுகூடக் கிடையாது. கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பச்சைத் தொட்டிகள் உண்டு. சோறு, சாம்பார், பால் கவர், டயப்பர், ஆன்லைனில் வந்த அட்டைப்பெட்டி எல்லாம் சாதிமத பேதமில்லாமல் அதற்குள் ஒன்றாக ஊறும். படிக்கட்டு கூட்டித் துடைக்க வருகிற பேச்சிதான் வெறுங்கையை உள்ளே விட்டு, விற்கக்கூடியதைத் தனியே பொறுக்கி எடுப்பாள். காலையில் இங்கே வேலை. பத்தரை மணி பஸ்ஸைப் பிடித்துப் போய் சிவகிரிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டத்தில் மிச்ச வேலை. அப்படி ஓடுகிற ஓட்டத்தில் ஒரு நாள் உடைந்த ட்யூப்லைட் கிழித்து அவள் உள்ளங்கையில் நாலு தையல் விழுந்தது. அந்த ட்யூப்லைட்டைத் தொட்டியில் போட்டவர் யார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அவர் இதைப் படிக்கக்கூடும்.

அன்றைக்கு வந்த கோபத்தில்தான் நான் போனை எடுத்துத் தேடினேன். தூத்துக்குடியில் ஒரு கம்பெனி அகப்பட்டது. மக்காத குப்பையை மட்டும் வாரம் ஒரு தடவை வண்டியில் வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். பிளாஸ்டிக், பேப்பர், பாட்டில், தகரம் எல்லாவற்றையும் மறுபடி வேறு பொருளாக்க அனுப்புகிறார்கள். போனில் பேசிய பெண் தேன் ஒழுகப் பேசினாள். வண்டி கோவில்பட்டி வழியாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வரும். பைகளைச் சேர்த்து வைக்க ஒரு அறை வேண்டும். அந்த அறைக்குக் குடியிருப்பிலேயே ஒருவரைப் பொறுப்பாளராகக் கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொள்ளும். கையுறை, பூட்ஸ், அடையாள அட்டை, மாதச் சம்பளம் எல்லாம் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை. முதல் மூன்று வாரத்தில் ஒரு வாரமாவது முப்பது வீடுகள் பை கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி இந்த வழியாகப் போகும், ஆனால் நம் வாசலில் நிற்காது.

நான் உடனே பேச்சியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"சம்பளம் மாசாமாசம் வருமா யக்கா?"

"வரும்."

"பேங்க்லயா?"

"பேங்க்லதான்."

"அப்ப சிவகிரி பஸ்ஸுக்கு ஓட வேண்டாம்."

"வேண்டாம்."

அவள் தையல் போட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாள் நீலச் சேலையில், தலை நிறையப் பூவோடு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒன்றுதானே கேட்டார்கள், எட்டு எதற்கு என்றேன். எட்டாக எடுத்தால்தான் ஸ்டுடியோவில் மலிவாம். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அடுத்த மாசத்திலிருந்து வரமாட்டேன் என்று தோட்டக்காரரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவர் அன்றைக்கே வேறு ஆள் பார்த்துவிட்டாராம். முப்பது வீடு கிடைக்கவில்லையென்றால் இவளுக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அசோசியேஷன் கூட்டம் போட்டோம். செயலாளர் நான். தலைவர் நெல்லைநாயகம் அண்ணாச்சி, பஜாரில் முப்பது வருஷம் பத்திரம் எழுதியவர். வாசித்துப் பார்க்காமல் பால் பாக்கெட்டைக்கூட வாங்க மாட்டார். "குப்பையைப் பிரிச்சு, கழுவி, காய வச்சுக் குடுக்கணும்னா யாரு செய்வா?" என்று அவர் கேட்டதும் எனக்குள் ஏதோ சாமி இறங்கியது.

"அண்ணாச்சி, இது குப்பையே இல்லை. செல்வம். நாம தெனமும் வீட்டுல இருக்க செல்வத்தைத் தூக்கித் தெருவுல போடுதோம். பால் கவரு செல்வம். ஷாம்பு டப்பா செல்வம். காலி எண்ணெய் பாட்டில் செல்வம்."

கைதட்டல் காதைப் பிளந்தது. என் வாழ்க்கையில் எனக்கு யாரும் கைதட்டியதில்லை. கேஸ் கவுண்டரில் யார் தட்டுவார்கள்? அந்த மயக்கத்தில் வீட்டுக்கு வந்து ராம்சங்கரை உட்காரவைத்து நோட்டீஸ் அடிக்கச் சொன்னேன். "குப்பை அல்ல, செல்வம்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, மேலே காசு கொட்டுகிற குடம் ஒன்றின் படத்தையும் அவர் தானாகவே சேர்த்தார். மாடிக்கு மாடி ஒட்டினோம்.

அந்த வாரம் எங்கள் குடியிருப்பைப் பார்த்திருக்க வேண்டும். எல்லாப் பால்கனிக் கொடியிலும் பால் கவர்கள் கழுவிக் கிளிப் போட்டுத் தொங்கின. காற்றடித்தால் தேர்த் தோரணம்போல் படபடத்தன. எதிர் வீட்டுப் பகவதியக்கா சட்னி பாட்டில்களைப் புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் வரிசையாக வைத்து, அரைமணிக்கு ஒரு தடவை வந்து பார்த்துப் பூரித்துவிட்டுப் போனாள். லிஃப்டில் யார் யாரைப் பார்த்தாலும் குப்பைப் பேச்சுதான். மருமகளோடு ஒரு வருஷமாகப் பேசாத மாமியார்கூட, தயிர் டப்பா மூடியைத் தனியாகப் போட வேண்டுமா என்று அவளிடம் கேட்டு, அப்படியே பேச்சு வார்த்தை துளிர்த்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆறு மணி அடித்து ஒரு நிமிஷம் பிசகாமல் வண்டி வந்தது. டிரைவர் கபீர், சிரித்த முகம். பேச்சி அந்த நீலச் சேலையிலேயே வந்து கேட்டில் நின்றாள். கபீர் ஹாரன் அடித்தார். எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் சாம்பிராணிப் புகை வந்தது. ஆள் வரவில்லை. மறுபடி அடித்தார். கீழ்த்தளத்திலிருந்து ஷாஹின் பானு மட்டும் தன் வீட்டுப் பையோடு வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"மத்தவங்க எங்கக்கா?" என்றாள்.

நான் படியேறி ஒவ்வொரு வீட்டு மணியாக அடித்தேன். பகவதியக்கா கதவைப் பாதி திறந்தாள். நெற்றியில் புதுக் குங்குமம்.

"வெளக்கு வச்சாச்சு மாலதி."

"வச்சா என்ன? பையை எடுத்துட்டு வாங்க."

"வெள்ளிக்கெழமை வெளக்கு வச்ச பொறவு வீட்டுல இருந்து ஒண்ணும் வெளிய குடுக்க மாட்டோம்லா."

"தெனமும் ராத்திரி தொட்டியில கொண்டு போட்டியளே, வெள்ளிக்கெழமை போடலியா?"

"அது குப்பை. இது செல்வம்னு நீதான சொன்ன?"

சொல்லிவிட்டு என் தோளுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். திரும்பிப் பார்த்தேன். காசு கொட்டுகிற குடம் சுவரிலிருந்து என்னைப் பார்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

எல்லா வீட்டிலும் இதே கதை. யாருக்கும் பிரிப்பதில் வருத்தமில்லை, கழுவுவதில் வருத்தமில்லை. பை கட்டித் தயாராக இருக்கிறது. சிலர் கதவு எண்ணைக்கூட மேலே எழுதிவிட்டார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை லட்சுமியைக் கட்டிப் பையில் போட்டுத் தூத்துக்குடிக்கு அனுப்ப முடியாது. கபீர் ஒரு வீடு என்று போனில் பதிந்துகொண்டு ராஜபாளையம் போனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நோட்டீஸைக் கிழித்துத் தின்றிருப்பேன்.

கம்பெனிக்குப் போன் போட்டு, வேறு கிழமை கொடுங்கள் என்று கேட்டேன். தேன் ஒழுகும் பெண் வருத்தப்பட்டாள். "கோயில் ஊருல்லா மேடம், நல்ல நாளா இருக்கட்டும்னு நாங்கதான் வெள்ளிக்கிழமையப் பாத்துப் போட்டோம். இனி மூணு மாசம் கழிச்சுத்தான் மாத்த முடியும்" என்றாள். அவளைத் திட்டவும் மனசு வரவில்லை.

சரி, வியாழக்கிழமையே பைகளைக் கீழே படிக்கட்டுக்குப் பக்கத்து அறையில் கொண்டு வைத்துவிடுங்கள் என்றேன். எனக்கே என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது. நெல்லைநாயகம் அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பத்திரம் வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார்.

"ரூம் யாருது? அசோசியேஷன் ரூம். கணபதி ஹோமம் தனித்தனி வீட்டுக்கா பண்ணுனோம்? வடக்கே ராஜபாளையம் ரோடு, தெற்கே ஓடை, இதுக்கு உட்பட்ட மொத்த கட்டடத்துக்கும் சேத்துல்லா பண்ணுனோம். ரூம்ல இருந்து எடுத்தாலும் வெள்ளிக்கெழமை கேட்டைத் தாண்டித்தான போகணும்? தனித்தனியாப் போற லட்சுமி மொத்தமாப் போயிருவா."

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஷாஹின் பானு பாவம், "எங்களுக்கு வெள்ளிக்கெழமை குடுத்தாத்தான் நல்லது அங்கிள். எல்லா பையையும் எங்க வீட்டுல வச்சிருங்க, நான் எடுத்துக் குடுக்கேன்" என்றாள். "உன் வீடும் கேட்டுக்கு உள்ளதான இருக்கு மக்கா" என்றார் அண்ணாச்சி.

அப்போதுதான் நான் அந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்தேன். செல்வம் என்று சொன்னதால்தானே தகராறு? பழைய நோட்டீஸைக் கிழித்துவிட்டு, "செல்வம் அல்ல, வெறும் குப்பை" என்று புதிது அடித்து ஒட்டினேன். சரியாக இரண்டு மணி நேரம். கழுவி, காயவைத்து, மடித்து, கட்டி வைத்திருந்த அத்தனை பையும் பச்சைத் தொட்டிக்குள் போய்ச் சாம்பாரில் மிதந்தன. குப்பையை யாராவது வீட்டுக்குள் வைத்துக்கொள்வார்களா என்று என்னையே கேட்டார்கள். பகவதியக்காவின் சட்னி பாட்டில்களை மட்டும் பேச்சி முழங்கை வரை கையைவிட்டு மீட்டாள். ராம்சங்கர் சோபாவில் புரண்டு புரண்டு சிரித்தார். அன்றைக்கு ராத்திரி அவருக்கு ரசஞ்சோறுதான். அந்த நோட்டீஸையும் நானே கிழித்தேன்; எல்லோரும் மறுபடி முதலிலிருந்து கழுவிச் சேர்க்க ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது வெள்ளியும் வந்தது. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஷாஹின் பானு மூன்று பைகளோடு வந்தாள். மூன்றிலும் ஒரே கதவு எண். கபீர் ஒரு வீடு என்றுதான் பதிய முடிந்தது.

"அடுத்த வாரம் ஆயிரும்லா யக்கா?" என்று பேச்சி கேட்டாள்.

"ஆயிரும்" என்றேன். எப்படி ஆகும் என்று எனக்கே தெரியாது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

மூன்றாவது வாரம், புதன்கிழமை, கடைசிக் கூட்டம். மின்விசிறிக்குக் கீழே நாற்காலிகள் போட்டு உட்கார்ந்திருந்தோம். பேச்சி கதவோரம் மாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"ஒரு வழி இருக்கு. பேச்சி வீடு கேட்டுக்கு வெளிய இருக்கு. வியாழக்கெழம எல்லாப் பையையும் அவ வீட்டுக்குக் கொண்டு போயிரட்டும். வெள்ளிக்கெழம வண்டி வரையில அவ வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்து குடுக்கட்டும். கதவு நம்பரைப் பையில எழுதிட்டா எண்ணிக்கையும் சரியாயிரும். நம்ம கணக்குல அது வியாழக்கெழமையே போயாச்சு."

எல்லோரும் அண்ணாச்சி என்றால் அண்ணாச்சிதான் என்றார்கள். நானும் சொன்னேன். கையைக்கூடத் தட்டினேன். முப்பது வீடும் கிடைத்துவிட்டது, பேச்சிக்கு வேலை கிடைத்துவிட்டது என்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பேச்சி மாப்பைச் சுவரில் சாய்த்தாள்.

"எங்க வீட்டுலயும் வெள்ளிக்கெழம வெளக்கு ஏத்துவோம் யக்கா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது. இவள் கை கிழிந்ததற்காகத்தான் இத்தனையும் ஆரம்பித்தேன். முப்பத்தாறு வீட்டு லட்சுமியையும் பத்திரப்படுத்திவிட்டு, இவள் வீட்டு லட்சுமியை மட்டும் வண்டியில் ஏற்றலாம் என்று சொன்னபோது கைதட்டியவளும் நான்தான்.

கூசினால் எனக்கு உண்மை வாயில் வந்துவிடும். "ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. என் வீட்டுப் பையும் ரெண்டு வாரமாப் பால்கனியிலதான் கெடக்கு" என்றேன். எல்லார் வீட்டு மணியையும் அடித்துக் கத்திய நான், முதல் வெள்ளிக்கிழமை என் பையைத் தூக்கிக் கதவு வரை வந்துவிட்டு, திரும்பக் கொண்டுபோய் வைத்தவள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிற வருஷம். ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம்தான்.

"அப்படிப்போடு" என்றாள் பகவதியக்கா. முதலில் அவள்தான் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் ஊரையெல்லாம் திட்டிய திட்டுக்கு அவர்கள் சிரித்தது கம்மிதான்.

சிரிப்பு அடங்கியதும் பேச்சி மறுபடி பேசினாள். "குடுக்கத்தான கூடாதுங்கிய. ஒண்ணு வந்து ஒண்ணு போனா என்ன? வெள்ளிக்கெழம உப்பு வாங்குனா வீட்டுக்கு லட்சுமி வாராம்னுதான எல்லாரும் வாங்குதோம். அந்த வண்டி தூத்துக்குடியில இருந்து வருது. அங்கன உப்புக்கா பஞ்சம்?"

அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"பரிவர்த்தனை" என்றார். "ஏம்மா, இது பரிவர்த்தனைப் பத்திரம்லா. தானப் பத்திரம் எழுதுனாத்தான் சொத்து கையை விட்டுப் போகும். இங்கன ஒரு சொத்து வருது, ஒரு சொத்து போகுது. முப்பது வருஷம் பத்திரம் எழுதுன எனக்குத் தோணலியே." பிறகு விரலை உயர்த்தினார். "ஆனா உப்பு மொதல்ல வீட்டுக்குள்ள வந்திரணும். பொறவுதான் பை வெளிய போகணும். வரிசை மாறிரக் கூடாது."

அங்கிருந்தபடியே கபீருக்குப் போன் போட்டு, பைக்கு ஒரு பொட்டலம் கல் உப்பு வேண்டும் என்றேன். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. "மச்சான் உப்பளத்துலதான் மேடம் இருக்காரு. ஒரு மூட்டை போதுமா?" என்றார். அந்த மனுஷனுக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது.

மூன்றாவது வெள்ளி. வண்டி வந்து நின்றபோது ஆட்கள் ஏற்கெனவே கீழே நின்றார்கள். கபீர் முதல் பொட்டலத்தை எடுத்துப் பகவதியக்காவிடம் நீட்டினார். அவள் தணலைத் தொட்டவள்போல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"உப்பைக் கையில குடுக்காதிய தம்பி. சண்டை வரும்."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அதற்குள் ஷாஹின் பானு உள்ளே ஓடி, விருந்துக்கு எடுக்கிற பெரிய தாம்பாளத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து வண்டிக்கு முன்னால் வைத்தாள். கபீர் பொட்டலத்தைத் தாம்பாளத்தில் வைத்தார். அதிலிருந்து எடுத்துக்கொள்வதில் யாருக்கும் தோஷமில்லை.

செயலாளர் என்ற முறையில் நான்தான் முதலில் எடுத்தேன். மூன்று மாடி ஏறி, உப்பை அடுப்படியில் வைத்து, சாமி படத்தைப் பார்த்து "எல்லாம் சரியாத்தான செய்யுதேன்" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, பையோடு கீழே வந்தேன். பை கபீர் கைக்கு மாறிய நொடியில் நெஞ்சு ஒரு தடவை திக்கென்றது. அடுத்த நொடி விட்டுப்போனது. பூமி இருந்த இடத்தில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? உப்போடு மேலே போகிறவர்களும் பையோடு கீழே வருகிறவர்களும் படிக்கட்டில் முட்டிக்கொண்டார்கள். உப்பு ஏறுகிறவர்களுக்கு முதலில் வழி விடு என்று ஒருவர், லிஃப்ட் பைக்கு மட்டும் என்று இன்னொருவர். அவசரத்தில் ஒருவர் உப்பையும் பையையும் சேர்த்தே கீழே கொண்டுவந்துவிட்டு, மறுபடி உப்போடு ஓடினார். நான் கவுண்டர்க் குரலை எடுத்து, "வரிசையில வாங்க, அடுத்தவங்க, அடுத்தவங்க" என்று கத்தினேன். அந்தக் குரலில் சந்தோஷமும் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ராம்சங்கர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியில் பை அடுக்கினார். பேச்சி ஒவ்வொரு பையாகக் கதவு எண்ணை வாசித்துச் சொல்ல, கபீர் போனில் தட்டினார்.

இருபத்தொன்பது.

கீழே வர வேண்டியவர்கள் யாரும் மிச்சமில்லை. நாலு வீடு எப்போதும் பூட்டித்தான் கிடக்கும், சொந்தக்காரர்கள் வெளியூரில். ஒரு குடும்பம் ராயகிரிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தது. ஒரு வீட்டில் இரண்டு பேருக்கும் வேலை முடியவில்லை. ஒரு வீட்டில் குற்றாலத்துக்குப் போய்விட்டார்கள், என்னிடம் சொல்லக்கூட இல்லை. மூன்று வீட்டுக்கும் போன் போட்டேன். மூன்று பேருமே ஆறு மணிக்கு எங்கிருந்தோ எனக்காக வருத்தப்பட்டார்கள்.

"இருபத்தொன்பதுக்கும் முப்பதுக்கும் என்ன தம்பி வித்தியாசம்?" என்றேன் கபீரிடம்.

"எனக்கு ஒண்ணும் இல்லை மேடம். சிஸ்டம் எடுக்காது" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

அந்தப் பதிலை இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள் நான். எதிர்த்துச் சொல்ல எதுவும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். பேச்சி வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தோட்டத்தில் இனி இடமில்லை. இங்கே ஒரு பை குறைகிறது. இருந்த சிரிப்பெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. யாரும் வீட்டுக்குப் போகவும் இல்லை.

பேச்சி மெதுவாக மோட்டார் அறைக்குப் பின்னால் போய், ஒரு கோணிப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இது எங்க வீட்டுது. நீங்க கூட்டத்துல சொன்ன அன்னிக்கு இருந்தே கழுவிக் காயப் போட்டுச் சேத்தேன் யக்கா. இங்கன குடுக்கலாமான்னு கேக்கணும்னு ரெண்டு தடவை கொண்டு வந்தேன். கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு. கொண்டு போயிட்டேன்."

கபீர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அசோசியேஷன் ரிஜிஸ்டர்ல பேர் இருந்தா நான் தட்டிருவேன் மேடம்."

நான் ரிஜிஸ்டரை எடுத்துவரச் சிட்டாய்ப் பறந்தேன். திரும்பி வந்து, முப்பத்தாறாவது வரிக்குக் கீழே பேனாவை வைத்தேன்.

"பொறு" என்றார் அண்ணாச்சி.

அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். அவரை நான் அடித்திருப்பேன். அவர் பேச்சியிடம் திரும்பினார்.

"நீ எத்தனை வருஷமா இங்க வார?"

"கட்டடம் கட்டையில இருந்து அண்ணாச்சி. அஸ்திவாரத்துக்கு நான்தான் கல்லு சொமந்தேன். மேஸ்திரி போனதும் அப்படியே கூட்ட நின்னுட்டேன்."

"அப்ப நாங்க யாரும் பால் காய்ச்சுததுக்கு முந்தி நீ இங்கன வந்திருக்க."

"ஆமா."

"அதுக்குப் பேரு அனுபோக பாத்தியதை. இருந்து அனுபவிச்சதால வார உரிமை" என்றார். என் கையிலிருந்து பேனாவை வாங்கி, பத்திரத்தில் எழுதுகிற அதே குண்டு எழுத்தில், தானே எழுதினார். முப்பத்தேழு. பேச்சி. கீழ்த்தளம், படிக்கட்டுப் பக்கத்து அறை. கையெழுத்துப் போட்டு, ஊதி, கபீரிடம் காட்டினார்.

"வரிசை மாறக் கூடாது" என்று ஞாபகப்படுத்தினாள் பகவதியக்கா. உண்மைதான், உப்பு முதலில் உள்ளே போக வேண்டும். கபீர் தாம்பாளத்தில் ஒரு பொட்டலம் வைத்தார். பேச்சி அதை எடுத்துக்கொண்டு, முந்தானையால் கையைத் துடைத்தபடி அந்த அறைக்குள் போனாள். உள்ளே ஒரு சிமெண்ட் அலமாரி. அதில் வைத்தாள். வெளியே வந்து கோணிப் பையைக் கபீரிடம் கொடுத்தாள். அவர் போனில் தட்டினார். டிங் என்று ஒரு சத்தம். கபீர் போனை எங்கள் பக்கம் திருப்பிக் காட்ட, முப்பத்திரண்டு வயதிலிருந்து எழுபத்திரண்டு வயது வரை எல்லோரும் பிள்ளைகள் மாதிரிக் குதித்தார்கள். நான் அழுதுவிட்டேன். ராம்சங்கர் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்.

வண்டி கிளம்பிப் போனது. பேச்சி இன்னும் அந்த அறை வாசலிலேயே நின்றாள்.

"யக்கா, இங்கன உப்பு வச்சாச்சு. வெள்ளிக்கெழமையும் அதுவுமா வெளக்கு இல்லாம இருக்கே" என்றாள்.

பதில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் பகவதியக்கா லிஃப்டுக்குள் போய்விட்டாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் அகல் விளக்கு, இன்னொரு கையில் நல்லெண்ணெய்க் கிண்ணம். காலிப் பால் கவரைக்கூட வாசல் தாண்ட விடாதவள்.

"என்னக்கா, வெளக்கு வச்ச பொறவு எண்ணெயைக் குடுக்கிய" என்றேன்.

"கேட்டுக்கு உள்ளதான குடுக்கேன்" என்றாள் பகவதியக்கா, திரியைத் திரித்துக்கொண்டே.